இரண்டு டின் ரொட்டி

புனே கன்டோன்மென்ட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். வீட்டில் பிசைந்த மாவை டின்னோடு தெருமுனை பேக்கரிக்குத் தூக்கிவந்து சுட்டு வாங்கிப்போவது இங்கே வழக்கம். சித்தி மகள் ஸ்டெல்லாவும் பாளையங்கோட்டையிலிருந்து விருந்துக்கு வந்த நானும் ஆளுக்கொரு டின் கொடுத்துவிட்டு நிற்கிறோம். ஒரே மைதா, ஒரே ஈஸ்ட். அவள் மாவு புஸ்ஸென்று எழும்பியது. என்னுடையது அசையவே இல்லை. தண்ணீர் ரொம்பச் சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும் என்று அவள் சொன்னபோது, இவள் என்ன எனக்குச் சொல்வது என்று கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருந்தேன்.

பேக்கரிக்காரர் நீளத் துடுப்பால் டின்களை வெளியே இழுக்கிறார். ஒன்று தலையணைபோல் உப்பிச் சிவந்திருக்கிறது. இன்னொன்று செங்கல். வரிசையில் நிற்கும் பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

"யே கிஸ்கா?" உப்பியதைக் காட்டி, யாருடையது என்கிறார்.

"மேரா." என்னுடையது என்று, எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தைகளில் ஒன்று முந்திக்கொண்டு வருகிறது.

ஸ்டெல்லா என்னை ஒரு கணம் பார்க்கிறாள். பிறகு செங்கலை வாங்கிக்கொண்டு, தானே தண்ணீரைச் சுடச்சுட ஊற்றிவிட்டதாக இந்தியிலும் கை ஜாடையிலுமாக அவரிடம் சொல்லிச் சிரிக்கிறாள். என் பக்கம் திரும்புகிறாள்.

"அக்கா, துணிய வச்சுப் பிடிங்க. கை சுட்டுரும்."

பாவி, கோபம்கூட இல்லாமல் சொல்கிறாள். அப்படிச் சொல்லவும் எனக்கு வராது.