மேப் போட வந்த எம்.ஏ.

"எங்க ஊரு மண்ணைத் தின்னது நீங்கதானுங்களா?"

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. வணக்கம் இல்லை, பெயர் சொல்லவில்லை... நேரே இதுதான்.

பிள்ளைகளே, உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? நான் உண்மையைச் சொன்னேன். "ஆமாங்க. கொஞ்சூண்டுதான்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தோம், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் பெயர் கலியபெருமாள். கம்மாபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருக்கிறார். நான் தின்ற மண் அவருடைய கிணற்று மேட்டு மண்.

ஏன் தின்றேன்? அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் தமிழரசியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தமிழரசி என் மனைவியின் தங்கை. பட்டணத்தில் எம்.ஏ. படிக்கிறாள். என்ன எம்.ஏ. என்று கேட்டால்தான் வம்பு. தமிழ் இல்லை, கணக்கு இல்லை, சரித்திரமும் இல்லை. 'பிரதேச ஆய்வு'!

எட்டாவதோடு நின்று விருத்தாசலத்தில் பீங்கான் செய்யும் செராமிக் வேலைக்குப் போன எனக்கு, இது என்ன படிப்பு என்று புரியவே கொஞ்ச நாள் ஆயிற்று. உலகத்தில் ஏதாவது ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே என்ன மண், எப்போது மழை, என்ன விளையும், எந்தச் சந்தைக்குப் போவார்கள், எப்படிப் பேசுவார்கள், எந்த ஊரில் பெண் எடுப்பார்கள்... உங்கள் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார் ஒரு பக்கம், சரித்திர வாத்தியார் ஒரு பக்கம், தமிழ் ஐயா ஒரு பக்கம் என்று சொல்லித் தருகிறார்கள் அல்லவா? அதையெல்லாம் ஒரே இடத்தில் நின்று ஒன்றாகப் பார்ப்பதுதான் இந்தப் படிப்பு.

அவளோடு படிக்கிறவர்களில் ஒருவர் பர்மாவை எடுத்திருக்கிறாராம். இன்னொருவர் மலேயா. ஒரு பெண் இலங்கை. நம்ம தமிழரசி எடுத்தது — விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள்! "அங்கே அப்படி என்னம்மா இருக்கிறது?" என்று பேராசிரியரே கேட்டாராம். "அதைத் தெரிஞ்சிக்கத்தான் சார் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டாள்.

இங்கே வந்து பெட்டியைத் திறந்து, துணி ஒட்டிய பெரிய காகிதம் ஒன்றைத் தரையில் விரித்தாள். அவளே வரைந்த மேப். ஊருக்கு ஒரு புள்ளி. வீடு வீடாகப் போய் அங்கே வாழ வந்த பெண்ணிடம் "உங்க அம்மா வூடு எந்த ஊரு?" என்று கேட்பாள். பிறந்த ஊர்ப் புள்ளியிலிருந்து வாழ வந்த ஊர்ப் புள்ளிக்குச் சிவப்பு மையால் ஒரு கோடு. அவ்வளவுதான்.

என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இதுக்கா எம்.ஏ.? நம்ம தெருத் தரகர் டீ குடிச்சிக்கினே இதைப் பண்ணுவாரேடி!"

"அவரு பொண்ணு தேடுவாரு. நான் வழி தேடுறேன்க்கா" என்றாள் தமிழரசி.

என்ன வழி என்று எனக்கும் புரியவில்லை. ஆனாலும் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனேன். வாடகை சைக்கிள் இரண்டு. கலியபெருமாளின் ஊரில் அவள் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கொல்லைப் பக்கம் நடந்தேன். புதிதாகக் கிணறு ஆழப்படுத்தி, அள்ளிய மண்ணை மேடாகக் கொட்டியிருந்தார்கள். சாம்பல் வெள்ளை. என்னைப் போல வருஷக்கணக்காகக் களிமண்ணில் கை வைத்தவன் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா வருவானா? ஒரு கட்டியை உடைத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். வழுவழு என்றிருந்தது. அடுத்து என்ன செய்வோம்? நுனி நாக்கில் வைப்போம். ஒட்டிக்கொண்டால் நல்ல களி. பல்லில் நறநற என்றால் மணல் கலப்பு. எங்கள் செராமிக்கில் புது மண் லோடு வந்தால் இது தினப்படிப் பழக்கம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் கம்மாபுரம் பக்கம் பார்ப்பார்கள்!

ஏனென்றால் சுரங்கம் அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிலத்துக்கு அடியில் பழுப்பு நிலக்கரி. யாராவது மேப்போடு வந்தார்கள், மண்ணை எடுத்துப் பார்த்தார்கள் என்றால் அடுத்து நிலத்தை எடுக்கப் போகிறார்கள் என்றுதான் அங்கே அர்த்தம். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்துவிட்டு, பெல் அடித்துக்கொண்டு சைக்கிளில் வீடு வந்து சேர்ந்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு பேச்சு வளர்ந்திருக்கிறது. வாடகை சைக்கிள் ஜீப் ஆகிவிட்டது. நான் பெரிய இன்ஜினியர் ஆகிவிட்டேன் — என் அப்பா இருந்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார். 'ருசி பார்த்தே அடியில கரி இருக்குன்னு சொல்லிட்டாராம்' என்பது வரைக்கும் போயிருக்கிறது.

சிரிப்பாக இருக்கிறதா? கலியபெருமாளுக்குச் சிரிப்பாக இல்லை. அவர் மகனுக்குக் கருவேப்பிலங்குறிச்சியில் பெண் பேசி முடித்திருக்கிறார்கள். தை மாதம் கல்யாணம். வருகிற வளர்பிறையில் பரிசம் போடுவதாக இருந்தது. சேதி போனதும் பெண் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். நிலம் போகிற வீட்டுக்கு எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்று கேட்கிறார்களாம்.

"நெசத்தைச் சொல்லிடுங்க" என்றார் என்னிடம். "எங்க கொல்லி போவுதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் பாட்டுக்கு அந்தப் பொண்ணை இட்டாந்து, அப்புறம் எந்த ஊருல கொண்டுபோயி குடிவெக்கிறது?"

கொல்லி என்றால் அங்கே மேட்டு நிலம்.

நான் செராமிக் ஆள், சுரங்கத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றேன். உள்ளேயிருந்து தமிழரசி வந்து, தான் மாணவி என்றாள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா? பாதி. ஒரு படித்த பெண் ஊர் ஊராக வந்து யாருக்கு எது அம்மா வீடு என்று கேட்டுப் போவதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது என்பதைவிட, நிலம் எடுக்க வந்தார்கள் என்பது நம்பச் சுலபமாக இருக்கிறதே!

அப்போது தமிழரசி ஒரு கேள்வி கேட்டாள். "ஐயா, இந்தச் சேதி கருவேப்பிலங்குறிச்சிக்கு எப்படிங்க போச்சு?"

பெண்ணின் சொந்த அத்தை இவர்கள் ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாராம். அவர் அம்மா வீட்டுக்குப் போனபோது சொல்லியிருக்கிறார்.

"உங்க ஊரு ஓடைக்கு அந்தாண்டை இருக்குற ஊருக்கு?"

"அவங்களுக்குத் தெரியாதும்மா. அங்க நாங்க பொண்ணு எடுக்கறதும் இல்ல, குடுக்கறதும் இல்ல."

தமிழரசி ஓடிப்போய் மேப்பைக் கொண்டுவந்து விரித்தாள். "மாமா, பாருங்க மாமா! எந்தெந்த ஊருக்குச் சிவப்புக் கோடு போவுதோ அந்த ஊருக்குத்தான் பேச்சும் போயிருக்கு. பக்கத்து ஊருக்குப் போவல!"

பிள்ளைகளே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊருக்குப் போகாத சேதி, பஸ் ஏறிப் போக வேண்டிய ஊருக்குப் போயிருக்கிறது. பேச்சு ரோட்டில் போவதில்லை... தாய் வீட்டுக்குப் போகிற பெண்களோடு போகிறது. அவள் சொன்ன 'வழி' இதுதானா?

அவள் கண்ணில் அப்படியொரு வெளிச்சம். தலையைத் தூக்கிக் கலியபெருமாளைப் பார்த்தாள். வெளிச்சம் அணைந்துவிட்டது. இவளுக்கு ஒரு நல்ல கண்டுபிடிப்பு. அவருக்கு நின்றுபோன கல்யாணம்.

மேப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "வாங்க, பொண்ணு வூட்டுக்கே போயிடலாம்" என்றாள்.

மூன்று பேரும் பஸ் பிடித்தோம்.

பெண்ணின் அப்பா வாசலிலேயே நாற்காலி போட்டார். உள்ளே கூப்பிடவில்லை. கலியபெருமாளை மட்டும் "வாங்க" என்றார், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். நீ யார், எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், அம்மா எந்த ஊர், இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை... ஊர் ஊராக இவள் கேட்ட கேள்விகள் எல்லாம் வட்டியோடு இவளிடம் திரும்பி வந்தன. தமிழரசி பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கேள்வி கேட்கிறவர்கள் முதலில் பதில் சொல்லிப் பழக வேண்டும் என்று எனக்கு அங்கே தோன்றியது. கலியபெருமாள் ஊரில் அவள் அதைத்தான் செய்யாமல் விட்டிருந்தாள். யாரும் 'நீ யாரும்மா' என்று கேட்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

கடைசியில் பெண்ணின் அப்பா வாயைத் திறந்தார். "எல்லாம் சரிம்மா. அந்த ஊரு நெலம் போவாதுன்னு நீ சொல்லுவியா?"

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். கலியபெருமாள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். 'போகாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. நானே சொல்லியிருப்பேன்.

தமிழரசி சொன்னாள்: "அது எனக்குத் தெரியாதுங்க. போவாதுன்னு சொன்னா பொய்யாயிடும். நான் நெலம் எடுக்க வந்தவ இல்லை, அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

போச்சு, காரியத்தைக் கெடுத்துவிட்டாளே என்று நினைத்தேன். பெண்ணின் அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

அப்போது பெண்ணின் அம்மா, அதுவரை பேசாமல் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், முறத்தைக் கீழே வைத்தார். "என் நாத்தனாகிட்ட நீ என்னம்மா கேட்ட?"

"அவங்க அம்மா வூடு எந்த ஊருன்னு கேட்டேங்க. சந்தைக்கு எங்க போறாங்கன்னு கேட்டேன்."

"பட்டா கேட்டியா? சர்வே நம்பரு?"

"அதெல்லாம் கேக்கலைங்களே."

அந்த அம்மாள் புருஷன் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினீங்களா? நெலம் எடுக்க வர்றவன் பட்டாவைக் கேப்பான், கெணறு எத்தினின்னு கேப்பான். அம்மா வூடு எதுன்னு கேட்டுக்கினு எவன் வந்து கரி தோண்டுவான்?"

பெண்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். கலியபெருமாள் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. எங்களிடம் இருந்த அத்தாட்சியே அவள் கேட்ட கேள்விதான். அது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

பிறகு மேப்பைச் சுற்றி ஒரே கூட்டம். அங்கே வாழ வந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுத் தமிழரசி சிவப்புக் கோடு போட்டாள். "என் கோடு எது?" "அய்ய, என்னுது எம்மாம் நீளம் பாரு!" "அதான் ஒன்னைப் பாக்க ஒங்க அண்ணன் வர்றதே இல்ல" என்று ஒரே கேலி. பெண்ணின் அப்பா மட்டும் தள்ளியே நின்றார். அவருடைய பயம் முழுதும் போகவில்லை. போகவும் போகாது. சுரங்கம் அங்கேயேதானே இருக்கிறது?

கூட்டம் கொஞ்சம் விலகியதும், நிலைப்படியில் நின்றிருந்த ஒரு பெண் மெதுவாக வந்து மேப்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யார் என்று சொல்லவே வேண்டாம். கல்யாணப் பெண்.

"அக்கா, எங்க ஊரு எது?"

தமிழரசி புள்ளியைக் காட்டினாள்.

"இங்கேருந்து அவங்க ஊருக்கு ஒரு கோடுதான் இருக்குது."

"அது உங்க அத்தை."

"என்னுது?"

"கல்யாணம் ஆனவங்களுக்குத்தான் கோடு போடுறது."

அந்தப் பெண் அப்பாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்ப பென்சில்ல போட்டு வைங்க. நெலம் இருந்தாலும் போனாலும், தையில மேல மை போட்டுக்கலாம்."

தமிழரசி பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பெண்ணின் அப்பாவைப் பார்த்தாள். அவர் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தார். பிறகு கலியபெருமாளிடம், "வெயில்ல ஏன் நிக்கிறீங்க, உள்ள வாங்க சம்பந்தி" என்றார்.

தமிழரசி கோட்டைப் போட்டாள்.

நேற்று அவள் பட்டணத்துக்கு ரயில் ஏறினாள். ஆய்வை மார்கழிக்குள் கொடுத்தாக வேண்டுமாம். ஒரு கோடு மட்டும் இன்னும் பென்சிலில் இருக்கிறதே, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"பேராசிரியரைத் தை வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லப் போறேன் மாமா."