லேப்டாப்புக்கு வந்த பாடு முறை

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் எங்கள் பசியாவரத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் ஆல்பத்தை அழகாக்கித் தருவது எங்கள் அண்ணி தேவகிதான். பொன்னேரியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் வரதன் படங்களை அனுப்புவார். அண்ணி லேப்டாப்பில் உட்கார்ந்து மாப்பிள்ளை முகத்து வியர்வையைத் துடைப்பார், உம்மென்று நிற்கும் மாமியாரை ஓரமாக நகர்த்துவார். முன்பெல்லாம் இறால் கம்பெனியில் ஐஸுக்குள் கையை விட்டுத் தோல் உரித்தவர். விரலெல்லாம் வெடித்து, சோறு பிசைந்தாலே எரியும். இந்த வேலை வந்த பிறகுதான் அந்தக் கை ஆறியது.

போன வைகாசியில் லேப்டாப் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. ஒரு படத்தைத் திறந்தால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது கையிலிருந்த ஐஸ்வர்யா கல்யாண ஆல்பம் பாதியில் நின்றது. வரதன் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழம பொண்ணு ஊருக்குக் கெளம்புது. அதுக்குள்ள வரலன்னா இனிமே வேற ஆளப் பாத்துக்கறேம்மா."

அந்த வேலை போனால் மறுபடி ஐஸ்தான். அண்ணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. "மெமரி பத்தலயாம்," என்றார்.

அண்ணன் கங்காதரன் பெரிய மேதை மாதிரி சிரித்தார். "இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சினுகீற? வலை பத்தலன்னா ஒரு துண்டு சேத்துக் கட்றோம் இல்ல? அதே மாரி இதுக்கும் ஒண்ணு வாங்கிச் சேத்துட்டா போச்சு."

சேர்க்க இடம் இருக்கிறதா என்று பார்க்காமலே வாங்கிவிடுவது எங்கள் ஊர்ப் புத்தி. வலைக்கு அது சரி. அண்ணன் போனிலேயே ஆர்டர் போட்டு, ரேம் என்கிற மெமரித் துண்டு ஒன்றை வரவழைத்தார். அதையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு அண்ணியும் நானும் படகில் பழவேற்காடு போய், பஸ் பிடித்துப் பொன்னேரியில் ராபர்ட்டின் ரிப்பேர் கடைக்குப் போனோம்.

ராபர்ட் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். "இதுல ரேம் செருகுற எடமே இல்லக்கா. போர்டோட சேத்தே பத்த வச்சிட்டான். இருக்கறத வச்சித்தான் ஓட்டணும்." அண்ணன் வாங்கிய துண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டோம்.

படகில் திரும்பினோம். ஏரியில் அண்ணன் வலை கட்டும் இடத்தில் அன்றைக்கு இன்னொரு வலைக்காரரான உதயகுமாரின் ஆட்கள் கட்டியிருந்தார்கள். இறால் வரும் இடம் கொஞ்சம், வலைக்காரர்கள் அதிகம். அதனால் எல்லாரும் ஒரே நாளில் இறங்க மாட்டோம், முறை வைத்துப் பிடிப்போம். அந்த முறைக்குப் பேர்தான் பாடு.

அண்ணி அந்த வலையையே பார்த்தபடி வந்தார். "எடமே கொஞ்சூண்டு. இதுல எல்லாம் ஒண்ணா எறங்குனா இன்னாத்துக்கு ஆவும்?" என்றார், மடியிலிருந்த லேப்டாப் பையைப் பார்த்து.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே தானாக ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் மூடினார். வாட்ஸ்அப், பாட்டு, யூடியூப் எல்லாம் கரையேறின. ஆல்பத்தையும் மொத்தமாகத் திறக்கவில்லை. முதலில் நலங்கு மட்டும். அதைச் சேமித்து மூடிய பிறகு முகூர்த்தம். அப்புறம்தான் பந்தி. வட்டம் சுற்றத்தான் செய்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் நின்று படம் திறந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆல்பம் வரதனுக்குப் போய்விட்டது. அவர் அடுத்த கல்யாணத்துப் படங்களையும் அனுப்பிவைத்தார். எனக்கே கல்யாணம் முடிந்த மாதிரி சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் அண்ணன் சாப்பிட்டுவிட்டு, பாட்டுக் கேட்கலாமென்று லேப்டாப் பக்கம் கையை நீட்டினார். அண்ணி நிமிரவே இல்லை.

"இன்னிக்கு உன் பாடு இல்லய்யா."

ஏரியில் பொம்பளைகளுக்குப் பாடு கிடையாது. அண்ணனிடம் இப்படி ஒரு வார்த்தையை அதுவரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆனாலும் பிறத்தியார் நாளில் ஒருபோதும் வலை இறக்காத மனுஷர். நீட்டிய கையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், திரும்பி நின்று கேட்டார்.

"எனக்கு எப்போ வரும்?"

"சொல்லி அனுப்பறேன்," என்றார் அண்ணி.