பாத்திரம் வெளக்குன பேய்

செவ்வாக்கெழமை மட்டுந்தான் எனக்கு லீவு. பெரம்பலூர்ல ஒரு ஜவுளிக்கடையில சேலை செக்‌ஷன்ல நிக்கிறேன். நிக்கிறேன்னா நெசமாவே நிக்கிறதுதான். உக்காந்தா சூப்பர்வைசருக்கு மூஞ்சி கோணும். கடை வுட்டு வேப்பந்தட்டை பஸ்ஸுக்கு வந்தா அங்கயும் நிக்கணும். ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிக்க ஆளு இருக்குறவளுங்க நோவாம ஏறி உக்காந்துக்குவாளுங்க. நமக்கு ஏது?

வூட்டுக்குள்ள நொழைஞ்சா அடுத்த டூட்டி. எங்க வூட்டுக்காரரு அரியலூர்ல சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கிட்டிருந்தவரு. லோடு மேல ஏறி தார்ப்பாய் கட்டுறப்ப விழுந்து, இடுப்புக்குக் கீழ உணர்வே போயிடுச்சு. பெரட்டிப் போடணும், தொடைச்சு வுடணும், மூத்திரப் பையை மாத்தணும். நானும் மனுசிதானே?

அந்தச் செவ்வாக்கெழமை அவருகிட்ட ஒரு விசயம் சொல்லியாகணும். பூலாம்பாடியில இருக்குற அவரோட அக்கா, "தம்பிய கொஞ்ச நாளு இங்க கொண்டாந்து வுடு, நீயும் செத்த கண்ணசரு"ன்னு சொல்லியிருந்தாங்க. வியாழக்கெழமை வேன் வரும். நான் இன்னும் வாயைத் தொறக்கல. நம்மளைக் கழட்டி வுடுறா பாருன்னு நெனைச்சுட்டாருன்னா? காபி குடுக்கும்போது சொல்லலாம்னு இருந்தேன், சொல்லல. துணி மாத்தும்போதும் சொல்லல.

மத்தியானம் டிவியில பேய்க்கதைத் தொடரை மறுபடி போட்டாங்க. வாரத்துக்கு ஒரு கதை. எதுல பாத்தாலும் யாராச்சும் ரத்தம் கக்கிச் சாவாங்க. அவருக்கு அதுன்னா உசுரு. நான் இருக்குற இருப்புக்கு பேய் வேற வந்து பயமுறுத்தணுமாக்கும்! ஆனா அன்னிக்கு வந்த கதை வேற மாதிரி. வேலை செஞ்சு அலுத்துப்போன ஒருத்தி கெணத்தடியில நின்னு, "ஒரே ஒரு நாளு யாராச்சும் என் வேலையப் பாருங்களேன்"னு பொலம்புறா. கெணத்துலேருந்து ஒரு பேய் ஏறி வருது. அவளை மாதிரியே உருவம் எடுத்துக்கிட்டு பாத்திரம் வெளக்குது, மாவாட்டுது, மாமியா திட்டுனா தலையாட்டுது. அவ உள்ள காலை நீட்டித் தூங்குறா. கடைசியில பேய்க்கே இடுப்பு புடிச்சுக்கிட்டு, "ஆளை வுடு தாயி"ன்னு கெணத்துலயே குதிச்சிடுது.

சிரிச்சேன் பாருங்க, வயிறு வலிக்க. அவரும் சிரிச்சாரு. அந்தச் சிரிப்புலயே என் வாயிலேருந்து வந்துடுச்சு: "எனக்கும் அப்பிடி ஒண்ணு வந்தா தேவலைங்க. உங்களை அதுகிட்ட ஒப்படைச்சுட்டு நாள் பூரா தூங்குவேன்."

சொன்னப்புறந்தான் எனக்கே சுருக்குன்னுச்சு. அவரு டிவியையே பாத்துக்கிட்டிருந்தாரு. விளம்பரம் ஓடிக்கிட்டிருந்துச்சு.

"எங்கிட்ட வந்தா என்ன செய்வேன் தெரியுமா?"ன்னாரு. "அதை இந்தக் கட்டில்ல படுக்கப் போட்டுட்டு நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

"எங்க, லாரி ஓட்டவா?"

"லாரி கெடக்குது கழுதை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, துண்டு போட்டு உனக்கு ஒரு சீட்டு புடிச்சு வெப்பேன்."

எனக்கு பொலபொலன்னு கண்ணுல தண்ணி கொட்டிருச்சு. சின்ன வெங்காயம் வெளையிற பெரம்பலூர்க்காரி, அந்த வெங்காயத்து மேல பழியப் போடலாம்னா, அன்னிக்குன்னு வூட்டுல ஒரு வெங்காயம் இல்ல. மூக்கைச் சிந்திட்டு, பூலாம்பாடி விசயத்தைச் சொல்லிட்டேன்.

"அக்கா போன்லயே சொல்லிடுச்சு புள்ள. நீ எப்ப வாயைத் தொறப்பேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். போயிட்டு வரேன், நீ தூங்கு."

வியாழக்கெழமை காலையிலயே வேன் வந்துச்சு. டிரைவரும் நானுமா தூக்குறப்ப, "இரு இரு"ன்னாரு. தோள்ல கெடந்த துண்டை எடுத்து, காலியான கட்டில்ல வீசிப் போட்டாரு. "சீட்டு புடிச்சாச்சு. யாருக்கும் குடுத்துடாத."

அன்னிக்கு கடை வுட்டு வந்து தரையிலதான் பாயை விரிச்சேன். மெத்தை போட்ட கட்டில் காலியாத்தான் கெடந்துச்சு. துண்டு போட்ட சீட்டுல போயி நாம உக்கார முடியுமா?