வட்டத்தில் இல்லாத போன்

என் மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்ட பழைய போன் ஒன்று கிடக்கிறது. மூலையில் விரிசல், பின்மூடி தானாக நிற்காது. எங்கள் அலுவலகத்தில் செயலிகளைச் சோதித்துப் பார்த்த டெஸ்டர் அக்கா வேலையை விட்டுப் போன அன்று என்னிடம் கொடுத்தது. அதற்கு முன் அது அவருடைய அப்பாவின் சட்டைப் பையில், சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலெல்லாம் சுற்றியது.

மதுரையில் எங்களுடையது சின்ன அலுவலகம். அன்றன்றைய வெற்றிலை விலையைக் காலையிலேயே விவசாயிக்குச் சொல்லும் செயலி ஒன்றைச் செய்திருந்தோம். விலை தெரியாமல் போனால் தரகர் சொன்னதுதான் விலை. செயலியின் புது வடிவமைப்பை எந்தெந்தப் போன்களுக்குச் செய்வது என்று முடிவெடுக்கும் நாளில், எந்தப் போனில் எத்தனை பேர் செயலியைத் திறக்கிறார்கள் என்ற வண்ண வட்டத்தை முதலாளி சுவரில் காட்டினார். அதில் பழைய போன்காரர்கள் வெறும் கீற்று. “இதுக்குப் போயி மெனக்கெடணுமா?” என்றார். அக்கா வட்டத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். கேன்டீன் டீயைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிக்கிறவர் அவர்.

“சார், இந்தக் கணக்கை எடுத்தது யாரு?”

“செயலியே எடுக்குதும்மா. தொறந்த ஒடனே ஏறிரும்.”

அக்கா, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த தன் அப்பாவின் போனை எடுத்துச் செயலியைத் தொட்டார். வெள்ளைத் திரை. காத்திருந்தோம், வெள்ளையாகவே இருந்தது. “தொறக்காத போனெல்லாம் எதுல ஏறும்? எங்க ஊருல அம்புட்டுப் பேரும் இந்த மாதிரி போனுதேன் வச்சிருக்காக.”

“ஒரு கம்ப்ளெய்ன்ட்கூட வரலையேம்மா.”

“கம்ப்ளெய்ன்ட் பட்டனே உள்ளதான சார் இருக்கு!”

எல்லோரும் சிரித்துவிட்டோம். முதலாளியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே பழைய போன்களை அடியோடு கைவிட்டார். அடுத்த மாத வட்டத்தில் அந்தக் கீற்றும் இல்லை. “பாத்தியாம்மா, இப்ப ஒருத்தர்கூட இல்ல” என்று அவர் குதூகலித்தபோது அக்காவின் முகம் செத்துப்போனது. அவருடைய அப்பா எப்போதும்போலத் தரகர் வாயைப் பார்த்துத்தான் வெற்றிலையை விற்றுக்கொண்டிருந்தார்.

இப்போது வடிவமைப்புக்கு நான்தான் பொறுப்பு. எந்த வட்டத்தைக் கண்டாலும், யாரை வெளியே நிறுத்திவிட்டு வரைந்தார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. ஒழுங்காக எடுத்த கணக்கைக்கூட நம்ப முடிவதில்லை. நேற்று புதிதாகச் சேர்ந்த பொறியாளர் அறிக்கையைக் காட்டி, “பழைய போனே சுத்தமா இல்லண்ணே” என்றார். இழுப்பறையைத் திறந்தேன். ரப்பர் பேண்டைச் சரிசெய்து, சார்ஜில் போட்டு, எங்கள் செயலியைத் தொட்டேன். அதே வெள்ளைத் திரை. போனை அவர் கையில் கொடுத்து, “இது எதுல ஏறியிருக்கு, தம்பி?” என்று கேட்டேன்.

அவர் அந்தப் போனின் பெயரை அறிக்கையில் தேட ஆரம்பித்தார்.