சாமிக்கு விட்ட முடி

என் தாய்மாமன் பத்து வயதுக் குழந்தையை அடித்து, கையை முறுக்கி, அதைச் சாமி காரியம் என்று ஊரை நம்பவைத்தவர். அந்தக் குழந்தை நான். இப்போது அவர் ஊராட்சித் தலைவர். ஊருக்குத் திரும்பும் முனையில் கைகூப்பியபடி ஃபிளெக்ஸில் நிற்கிறார்.

அப்போது ஊரார் கணக்கில் நான் ஆண் பிள்ளை. ஆனால் முடி தோளைத் தாண்டியிருந்தது. மூன்று வயதில் எனக்குக் கடுங்காய்ச்சலாம். பிழைத்தால் முடி இறக்குகிறேன் என்று, சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை அம்மனிடம் அம்மா வேண்டிக்கொண்டாளாம். சாமிக்கு விட்ட முடி என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியாரே விலகிப்போனார். எப்போது இறக்குவீர்கள் என்று கேட்பவர்களிடம் அம்மா, "இன்னும் உத்தரவு வரல" என்பாள். வீட்டுக்குள் எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிடுவாள். அந்த அம்மனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவசரப்படாத சாமி.

சித்தி மகளின் மஞ்சள் நீராட்டுக்கு மாமா சீர் கொண்டுவந்தார். பெண்கள் தட்டு ஏந்தி நடந்தார்கள். நானும் வளையல் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையில் சேர்ந்தேன். பின்னலில் பூ வைத்திருந்தேன். மண்டப வாசலில் மாமாவின் கூட்டாளி ஒருவர் கேட்டார்:

"இன்னா மச்சான், ஒங்க அக்காவுக்குப் பொண்ணு வேற இருக்குதா? சொல்லவே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து வேன் பிடித்து வந்தார். "உத்தரவு வந்துட்சிக்கா, கெளம்பு." யாருக்கு வந்தது என்று அம்மா கேட்டாள். எனக்கு, என்றார்.

கோவிலுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. முதலில் என்னை அங்கே கூட்டிப்போனார். பிரம்பு போல ஒரு மிலாறை ஒடித்து, "ஆம்பள மாரி நட" என்றார். நடந்தேன். கெண்டைக்காலில் விழுந்தது. "இடுப்ப ஆட்டாதடா." எனக்கு வேறு நடை தெரியாது. திரும்ப நடந்தேன். திரும்ப விழுந்தது. நான் கத்தியது பொங்கல் பானையைச் சுற்றி நின்ற அத்தைகளுக்குக் கேட்டது. ஒரு அத்தை அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

முடி இறக்கும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். கைப்பிள்ளைக்கான வழக்கம் அது. நான் மடியில் அடங்கவில்லை. தரையில் உட்காரவைத்து, பின்னாலிருந்து கைகளை முறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முடி எடுப்பவர், "கொயந்த துள்ளுது அண்ணாத்த, கத்தி பட்டுடும்" என்றார்.

"பட்டா படட்டும். நீ செரை."

காதுக்கு மேலே பட்டது. ரத்தத்தின் மேலேயே சந்தனம் பூசினார்கள். எரிந்தது. போட்டோ எடுத்தார்கள். பிறகு கடா விருந்து. மாமா தன் கையாலேயே ஈரல் துண்டுகளை எடுத்து என் இலையில் வைத்தார். செல்லமாம்.

முடி இறக்கும்போது அம்மா கீழே விழுந்த முடியை இடது கையால் பொறுக்கி மஞ்சள் துணியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் என்னைப் பிடித்துக் கொடுத்தாள் என்று நினைத்தேன். பல வருடம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது நான் கேளம்பாக்கத்தில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். பெண்ணாகத்தான் வாழ்கிறேன். அம்மா அவ்வப்போது பஸ் ஏறி வந்து எனக்குத் தலை பின்னிவிடுவாள். போன முறை அந்தக் காய்ச்சலைப் பற்றிக் கேட்டேன்.

"இன்னா காய்ச்சலு? ஒனக்குச் சளிகூட புடிச்சதில்ல. முடி வெட்டப் போனா அப்டி அயுவ. சாமி பேரச் சொன்னா எவனும் கைவெக்க மாட்டான்னு சொல்லி வெச்சேன்."

வேண்டுதலே இல்லை என்று அன்று அவள் சொல்லியிருந்தாலும் முடி போயிருக்கும். இருக்கிறது என்றதாலும் போனது. அவள் எனக்காகக் கட்டிய வேலிக்குள் மாமா கத்தியோடு வந்து நின்றார். பத்து வயதில் இது எனக்குத் தெரியாது. வேன் ஏறுவதற்கு முன் அவரைத் தடுக்கப் போய்த்தான் அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கியது என்பதும் தெரியாது.

மாமா, போன மாதம் நம் ஊரில் பத்தாவது படிக்கும் பிள்ளை ஒன்று, கண்ணுக்கு மை வைத்ததற்காக அண்ணன்களிடம் அடிபட்டு, உடைந்த மண்டையோடு உங்களிடம் வந்தது. "குடும்ப விசயம், உள்ளயே பேசிக்கோங்க" என்று திருப்பி அனுப்பினீர்கள். அடுத்த கிராம சபைக்கு நான் வருகிறேன். பின்னலோடு வருகிறேன். அம்மாவும் வருகிறாள். மைக்கைப் பிடித்து, ஊர் முன்னால் சொல்லுங்கள்: அன்று உங்களுக்கு உத்தரவு கொடுத்தது யார்?