புகையிலைச் செய்தி என்றால் எலுபே படம்

மலாவி நாட்டில் கசுங்குப் பக்கம் எலுபேயின் முகத்தைப் பார்க்காதவர்கள் கிடையாது. தலைநகர்ப் பத்திரிகை புகையிலையைப் பற்றி எதை எழுதினாலும் அவள் படத்தைத்தான் போட்டது. ஏலத்தில் விலை ஏறினாலும் எலுபே, விழுந்தாலும் எலுபே. பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை வேண்டுமென்று டாக்டர்கள் கூடிப் பேசினாலும், தடை வந்தால் மலாவியே பிச்சையெடுக்கும் என்று மந்திரி முழங்கினாலும், பக்கத்தில் அதே எலுபே பழுத்த இலைக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்பாள். என்றைக்கோ ஓர் அறுவடையில் ஒரு படக்காரன் வந்து எடுத்துப் போனது. அதன்பிறகு இன்னொரு படம் எடுக்க அந்தப் புண்ணியவான்களுக்கு உடம்பு வணங்கவில்லை.

ஒருமுறை ‘புகையிலை உயிரைக் குடிக்கிறது’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, அதன் கீழே இவள் படம். மறுநாள் விடிந்ததும் பக்கத்து ஊர்ப் பெண்கள் தலையில் மக்காச்சோள மாவும் விறகுமாக அழுதுகொண்டே துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். எலுபே வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, நீங்க சாகலையா?” என்றாள் முன்னால் வந்த நாத்தனார் நயிலெசி.

“இன்னைக்கு வேலை தலைக்கு மேல கெடக்குடி. அந்த மாவ மட்டும் எறக்கி வச்சுட்டுப் போ.”

அவள் புருஷன் யெலெமியா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. அந்த இருமலை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் படத்தில் முதலில் அவனும் இருந்தான். பக்கத்தில் நின்று அவள் தோளில் கை போட்டிருந்தான். இன்னொரு கையில் புகைகிற சுருட்டு. அவன் ஆயுசுக்கும் எடுத்த ஒரே படம் அதுதான். முழுப்படமும் முதல் பக்கத்தில் வந்தபோது அவனே தாளை மடித்துக் கூரையில் செருகி வைத்தான். அந்தப் பக்கமெல்லாம் பத்திரிகையைப் படித்து முடித்தால் கிழித்துப் புகையிலை சுருட்டுவதுதான் வழக்கம். ஒரு மழைநாளில் வீட்டில் வேறு தாள் இல்லை. கை கூரைக்குப் போய்விட்டது.

“என்னையே பத்த வச்சு இழுத்துட்டேன்டி!” என்று சிரித்தான் மனுஷன். எலுபே நாலைந்து நாள் அவனோடு பேசவே இல்லை. இன்று நினைத்தால், அந்தப் பேசாத நாட்கள்தான் வீணாய்ப் போனதாக அவளுக்குத் தோன்றுகிறது.

அப்புறம் பத்திரிகையில் யாரோ புகைபிடிக்கிறவனைக் காட்டக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். படத்தில் அவனை வெட்டிவிட்டார்கள்; அவள் தோளில் அவன் விரல்கள் மட்டும் மிஞ்சின.

“வளத்தது நானு, காயவச்சது நானு. எலைய விக்கலாமாம், என்னையக் காட்டக் கூடாதாமா?” என்று கத்தினான். கத்தியதும் இருமினான். அடுத்த மழைக்கு முன்னால் அந்த இருமலே அவனைக் கொண்டுபோய்விட்டது.

கொட்டகையில் இலை காயும் வாசனையும் தாள் கிழிபடும் சத்தமும் அவள் நினைவில் அப்படியே இருந்தன. அவன் முகம்தான் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. முழுப்படத்தைக் கேட்டு வாங்க ஒரு பை நிலக்கடலையோடு தலைநகர் லிலோங்வேக்குப் பஸ் ஏறினாள்.

பத்திரிகை ஆபீசில் படங்களுக்குப் பொறுப்பாக இருந்த சிகாவோ நல்ல மாதிரி. அலமாரியெல்லாம் தேடி மூலப்படத்தைக் கொண்டுவந்தார். அதையே கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார்கள்.

“மன்னிச்சிடுங்கம்மா. ஃபிலிமும் இல்ல, அந்தப் பழைய பேப்பரும் இல்ல. வாங்க, வெளிச்சத்துல உங்களப் புதுசா ஒண்ணு எடுக்கிறேன். இனிமே அதையே போடுவோம்.”

“புதுசுல அவரு கை இருக்குமா?”

சிகாவோ எடுத்த கேமராவைத் திரும்பக் கீழே வைத்தார்.

“அப்ப வேணாம்யா. எங்க எலைய நல்லதுன்னு எழுதுங்க, கெட்டதுன்னு எழுதுங்க, அது உங்க பாடு. அந்த வெரல மட்டும் வெட்டிராதீங்க.”

இந்த அறுவடையில் மறுபடி ஒரு தடைச் சட்டம், மறுபடி ஒரு செய்தி. நயிலெசி பத்திரிகையோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அண்ணி! உங்களப் பத்தித் திரும்பவும் போட்டிருக்கான். என்னன்னு திட்டியிருக்கான்னு யாரையாச்சும் படிக்கச் சொல்லுங்க!”

எலுபே கையை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். தலைப்பைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தாள்.

“என்னையப் பத்தி இல்லடி. உங்கண்ணன் வந்திருக்காரு.”