விதைப்பு நாளில் ஒரு பால்வாடி

என் மகனின் எல்.கே.ஜி. இரண்டாம் தவணைக் கட்டணத்தைப் பற்றி இங்கே ஒரு பாட்டம் புலம்பியிருந்தேன். அதற்குக் கீழே கமெண்டில் பெரிய சண்டையே நடந்தது. சின்னப் பிள்ளைகளின் படிப்புக்கு அரசாங்கமே செலவழிக்கட்டும் என்று பாதிப் பேர். வசதி இல்லாதவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்று மீதிப் பேர். எனக்கே எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை.

அப்போதுதான் செண்பகம் போன் செய்தாள். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். இப்போது கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊரில் அங்கன்வாடிப் பணியாளர். ஊருக்கு அது பால்வாடி, இவள் டீச்சர். "அங்கன உக்காந்து எழுதிக்கிட்டே இருக்காத. எம் பால்வாடியை மூடப் போறாவ. வியாழக்கிழமை ஆபீசர் வாராவ. வந்து பாரு" என்றாள்.

ஐப்பசி தொடக்கம், புதன்கிழமை. மதுரை மாட்டுத்தாவணியில் காலை பத்து மணிக்குப் பஸ் ஏறினால் பன்னிரண்டரைக்குக் கோவில்பட்டி. அங்கே சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் கடை கிடையாது. நாகலாபுரம் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் என் சம்பளத்தை விசாரிக்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். இறங்கிய பிறகு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. புது ரோடு போடத் தாரைப் பெயர்த்திருந்தார்கள். முந்தின நாள் நல்ல மழை. கரிசல் மண் செருப்பைப் பிடித்தால் விடாது. ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்துக்கொண்டே போனது. கடைசியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஊருக்குள் போனேன்.

மூடுவதற்குக் காரணம், பிள்ளைகள் குறைவு என்பது. கொஞ்சம் கையில் காசு இருக்கிறவர்கள் வேனில் இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் பால்வாடிக்கு. அதிலும் போன வருடம் ஆபீசர் பார்வையிட வந்தது சரியாக விதைப்பு நாளில். மழை பெய்து மண் பதத்துக்கு வந்துவிட்டால் இங்கே வீட்டில் ஆள் தங்காது. பதம் தப்பினால் அந்த வருடமே போச்சு. அம்மாக்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு விதைக்கிற காட்டுக்குப் போய்விட்டார்கள். ஆபீசர் வந்தபோது உள்ளே இருந்தது மூன்று பிள்ளைகள். பக்கத்து ஊர்ப் பால்வாடியோடு சேர்த்துவிடலாம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அதே அம்மாதான் இந்த வியாழக்கிழமை கடைசி முடிவுக்கு வருகிறார். பக்கத்து ஊர், நான் செருப்பைக் கையில் பிடித்து நடந்தேனே, அந்தப் பாதை தொடங்கும் பஸ் நிறுத்தத்தில் இருக்கிறது.

இதில் முழுதாக மாட்டிக்கொள்கிறவள் மாரீஸ்வரி. செண்பகத்தின் எதிர்வீடு, தினக்கூலி. சின்னவனுக்கு மூன்று வயது, பெரியவள் ஆறாம் வகுப்பு. "பால்வாடி இல்லன்னா பெரியவளத்தான் வீட்ல நிறுத்தணும். வேற என்ன செய்ய?" என்று வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

சாயங்காலம் மளிகைக்கடையில் சோப்பு வாங்கப் போனேன். கடை அண்ணாச்சியின் நாலு வயது மகன் வேனில் போகிறவன். "இருக்கவன் துட்டுக் கொடுத்துப் படிக்க வைக்கட்டும். இல்லாதவியளுக்கு மட்டும் கவருமெண்டு செய்யட்டும். எல்லாருக்கும் எதுக்குங்கேன்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை விடிந்ததும் வினை வந்தது. மேட்டுக்காட்டில் பதம் வந்துவிட்டதாம். தெரு முழுக்கக் கூடையும் விதையுமாகக் கிளம்புகிறார்கள், இடுப்பில் பிள்ளைகள். செண்பகம் வாசலில் நின்று பார்த்தாளே தவிர, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழையை எதிர்பார்த்துக் கிடந்தவர்களிடம் எந்த முகத்தோடு கேட்பாள்?

மாரீஸ்வரி கேட்டாள். காட்டுக்குக் கிளம்பிய டிராக்டருக்கு முன்னால் போய் நின்றாள். "அண்ணே, செத்த நிறுத்துங்க. எல்லாப் பிள்ளையளையும் டிரெய்லர்ல ஏத்தி டீச்சர்ட்ட இறக்கிட்டுப் போவோம். கால் மணி நேரத்துல பதம் ஓடிராது." டிரைவர் ஏதோ முணுமுணுத்தார். "போன வருசம் நாமதானே கெடுத்தோம்?" என்று அவள் கேட்டதும் வண்டியைத் திருப்பிவிட்டார்.

டிரெய்லர் தெருத்தெருவாகப் போனது. ரோட்டுச் சேற்றால் வேன் அன்று வரவில்லை. ஷூவும் டையுமாக வாசலில் நின்ற அண்ணாச்சி மகன் டிரெய்லரைக் கண்டதும் ஒரே ஓட்டம். அவன் அம்மா "ஏத்திக்கிடுங்க, வீட்ல இருந்தா என் உசிர எடுப்பான்" என்று தூக்கியே விட்டாள். இன்னும் ஐந்து வேன் பிள்ளைகள் அப்படியே ஏறின.

பதினோரு மணிக்கு ஆபீசர் அம்மா வந்தார். ஜீப்பை நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு முழங்கால் வரை சேற்றோடு. உள்ளே கால் வைக்க இடமில்லை. ஒரே பாட்டும் கூத்தும். எண்ணிப் பார்த்துவிட்டு, "இதில வேன் பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டார். செண்பகம் மழுப்பவில்லை. "ஆறு, மேடம்." "அவங்களைக் கணக்கில சேர்க்க முடியாதே. அவங்க இல்லாமப் பார்த்தா குறையுதும்மா."

அந்த நேரத்தில் மகனைக் கூப்பிட அண்ணாச்சி வந்தார். பிள்ளைகளின் தட்டில் சாதமும் முட்டையும். பையன் எழுந்திருக்க மாட்டேன் என்றான். தினமும் வேனைக் கண்டால் தூணைக் கட்டிக்கொண்டு அழுகிறவனாம். அண்ணாச்சி ஆபீசர் பக்கம் திரும்பினார். "எம் பிள்ளை பேர எழுதிக்கிடுங்க" என்றார்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கா?" என்றார் ஆபீசர்.

"தினமும் வருவான். இல்லாதவியளுக்கு மட்டும்னு நானே பேசிக்கிட்டுத் திரிஞ்சேன். அவிய சொன்னா யாரு கேக்கா? எம் பிள்ளை இங்கன இருந்து கூரை ஒழுகுச்சுன்னா, நான் கலெக்டர் ஆபீசுக்கே போவேன்லா?"

அவரே மற்ற வேன் வீடுகளுக்கும் போன் போட்டார். நான்கு பேர் சரி என்றார்கள், ஒருவர் முடியாது என்றார். அது போதும். ஆபீசர் அம்மா வாசலில் காலைக் கழுவிக்கொண்டே, "இந்தப் பாதையைப் பிள்ளைங்க நடக்கும்னு எழுதிட்டேனே" என்றார். அங்கேயே செண்பகத்திடம் சொன்னார், "மூட வேண்டாம்னு மாத்தி எழுதுறேன்." செண்பகம் அழுதாள். நானும்தான்.

என் பதில் இதுதான்: எல்லாப் பிள்ளைக்கும் அரசாங்கம் செலவழிக்கட்டும். இல்லாதவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய இடத்துக்காகச் சண்டை போட ஆள் வராது. எல்லார் பிள்ளையும் உட்காரும் இடத்தை மூட ஒருத்தருக்கும் தைரியம் வராது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் தோல் செருப்போடு வராதீர்கள். தண்ணீர் கொண்டு வாருங்கள். திரும்பக் காலை ஏழே முக்காலுக்கு ஒரு பஸ் உண்டு, அதை விட்டால் பத்தரைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை நான் அந்த ஏழே முக்கால் பஸ்ஸில் ஏறினேன். பின்னாலேயே யூனிபார்மில் ஒரு பிள்ளை, ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை, பாதம் முழுக்கச் சேறு. மாரீஸ்வரியின் பெரியவள். "தள்ளி உக்காருங்க அத்தை, எனக்கு இன்னைக்குக் கணக்குப் பரீச்சை" என்று பையை என் மடியில் வைத்துவிட்டுப் புத்தகத்தை விரித்தாள்.